இருப்புப் பதிவேடு பிள்ளைகளுக்குப் பதில் சொல்லாது

"பிள்ளைகள் இப்போதெல்லாம் படிப்பதில்லை. எல்லாம் போனிலேயே கிடைத்துவிடுகிறது. அலமாரியைத் திறந்துவைத்தால் புத்தகம்தான் காணாமல் போகும்." பள்ளி நூலகம் பற்றிப் பேச்செடுத்தால் இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். ஆசிரியர்கள் சொல்கிறார்கள், பெற்றோர் சொல்கிறார்கள், புத்தகத்தின் மீது பிரியம் உள்ளவர்களே வருத்தத்தோடு சொல்கிறார்கள். மூன்றும் தவறு. அதிலும் கடைசியாகச் சொல்லப்படுவதுதான் முதலில் பிறந்தது என்பது என் எண்ணம். புத்தகம் தொலையும் என்ற பயத்தில் அலமாரியைப் பூட்டினோம். பூட்டிய அலமாரியைப் பிள்ளைகள் தேடி வரவில்லை. வராததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் பிள்ளைகளின் அக்கறையின்மையைச் சொன்னோம், பிறகு போனைச் சொன்னோம்.

காஞ்சிபுரத்தில் இதைச் சொல்லும்போது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. இந்த ஊரின் கல்விப் புகழை அப்பர் பாடியிருக்கிறார். கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் இளமையில் தன் குருவோடு கல்வி தேடிக் காஞ்சிக் கடிகை என்ற கல்விக்கூடத்துக்கு வந்தான் என்று கர்நாடகத்தின் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. வெளியூர்க்காரன் தேடி வந்த ஊர் இது. இங்கே பிறந்த பிள்ளைக்குத் தன் பள்ளி அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி இல்லை.

நம் அரசுப் பள்ளிகளில் புத்தகம் இல்லாமல் இல்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இன் அட்டவணை ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப்புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் கொண்ட நூலகம் வேண்டும் என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. 2022 முதல் பள்ளிக் கல்வித்துறையே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று மாணவர் இதழ்களைக் கொண்டுவருகிறது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களை அனுப்பியது. நல்ல புத்தகங்கள் அவை. வந்து சேர்ந்தவற்றை ஒரு பிள்ளை எப்படிக் கண்டெடுப்பாள் என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலான பள்ளிகளில் விடை இல்லை.

இருப்பதெல்லாம் இருப்புப் பதிவேடு ஒன்றுதான். அதைப் பிரித்துப் பாருங்கள். வரிசை எண், வந்த தேதி, நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை, பில் எண். புத்தகம் எந்த நாளில் பள்ளிக்குள் நுழைந்ததோ அந்த வரிசையில் ஏறியிருக்கும். பறவைகள் பற்றிய புத்தகத்துக்கு அடுத்த வரியில் திருக்குறள் உரை, அதற்கும் கீழே கணிதப் புதிர்கள். தணிக்கைக்கு வருபவர் கேட்பது "வாங்கியது எத்தனை, இருப்பது எத்தனை, குறைவது எத்தனை" என்ற மூன்று கேள்விகள். அவற்றுக்குப் பதிவேடு துல்லியமாகப் பதில் சொல்லும். "சிலந்தி பற்றி ஏதாவது இருக்கிறதா சார்?" என்று ஆறாம் வகுப்புப் பையன் கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காக அது எழுதப்படவே இல்லை.

ஆகவே பையன் கேட்பதை நிறுத்திவிடுகிறான். அதைப் பார்த்து நாம் அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று எழுதிவைக்கிறோம்.

நூலகப் பாடவேளை என்ன நிலையில் நடக்கிறது என்று கணக்கிட்டாலே போதும். நாற்பது நிமிடம், நாற்பது பிள்ளைகள், ஒரு அலமாரி. ஆளுக்கு ஒரு நிமிடம் அலமாரி முன்னால் நிற்கலாம். எங்கே எது என்று எந்த அடையாளமும் இல்லாவிட்டால் அந்த ஒரு நிமிடத்தில் கைக்கு அகப்பட்டதுதான் புத்தகம். பெரும்பாலும் நேரம் மிச்சமாகட்டும் என்று ஆசிரியரே ஒரு கட்டை எடுத்து வரிசையாகக் கொடுத்துவிடுகிறார். கொடுப்பவருடைய நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் நூல் தேடும் வேலை முழுக்கப் பிள்ளையின் கையிலிருந்து பறிபோய்விடுகிறது. தனக்கு வேண்டியது எது என்று எண்ணுவதும், அது எந்தத் தலைப்பில் இருக்கும் என்று ஊகிப்பதும், தவறினால் பக்கத்துத் தட்டில் பார்ப்பதும் கற்க வேண்டிய திறமைகள். அவற்றைக் கற்க பள்ளியில் வேறு இடம் கிடையாது.

இதையெல்லாம் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்பே நமக்குச் சொல்லித்தந்தவர் தமிழ்நாட்டுக்காரர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் சாரம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்த வரலாற்றை அந்த விதியை விளக்கும்போதுதான் அவர் எடுத்துக்காட்டுகிறார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பது, நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்று மற்ற நான்கும் நீள்கின்றன. பூட்டிய அலமாரியும் தேதிவாரிப் பதிவேடும் இந்த ஐந்தையும் ஒரே நேரத்தில் மீறுகின்றன. மதராஸ் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்ததற்கும் ரங்கநாதனின் உழைப்பே பெருங்காரணம். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சொத்துவரி கட்டும்போது ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்ந்து போகிறதே, அந்த ஏற்பாட்டின் வேர் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. அந்த நெசவாளரின் மகள் படிக்கும் பள்ளியில் நூலகருக்கென்று ஒரு பணியிடம் கிடையாது. பெரும்பாலான பள்ளிகளில் ஏதோ ஒரு பாட ஆசிரியரிடம் அலமாரிச் சாவியும் கூடுதல் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன.

அந்தப் பொறுப்பாசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். புத்தகம் குறைந்தால் அவர் கையிலிருந்து பணம் போகும் என்ற அச்சம் கற்பனை அல்ல. அப்படி இருக்கும்போது பூட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்று யாருக்கும் தோன்றும். கேட்க வேண்டிய கேள்வி, ஒரு நூலகத்தில் புத்தகமே குறையக் கூடாது என்று எந்த விதி சொல்கிறது என்பது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். ஓராண்டில் இரவல் தந்த, எடுத்துப் பார்த்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை தொலைவது இயல்பானது, முறைகேடோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை, என்று அது ஏற்றுக்கொள்கிறது. நாட்டின் கணக்குப் புத்தகமே இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டது. தொலைந்த எண்ணிக்கையை அது எதோடு ஒப்பிடுகிறது என்பதையும் கவனியுங்கள்: அலமாரியில் இருக்கும் நூல்களோடு அல்ல, வெளியே போய்வந்த நூல்களோடு. பூட்டிய அலமாரியிலிருந்து எதுவும் போய்வருவதில்லை. அங்கே ஒரு புத்தகம் குறைந்தாலும் அது குற்றம். நிறையப் பிள்ளைகள் நிறைய எடுக்கும் பள்ளியில் சில குறைவது கணக்கில் அடங்கும். இதே அளவுகோலைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் எழுத்தில் தந்து, பொறுப்பாசிரியரின் சம்பளத்தில் கைவைக்க மாட்டோம் என்று உறுதி சொன்னால் பாதிப் பூட்டுகள் அந்த வாரமே திறக்கும்.

இனி போன். "தேடினால் வந்துவிடுகிறதே" என்கிறார்கள். என்ன வருகிறது? யாரோ ஒருவர் முன்பே தலைப்பிட்டு, வகைபிரித்து, இணைத்து வைத்தது வருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் 2003 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்திருக்கின்றன என்றால், ஊதியமில்லாமல் உட்கார்ந்து எழுதிப் பகுத்த தமிழர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். பட்டியல் போடும் வேலை போனுக்குள் ஒளிந்திருக்கிறதே தவிர ஒழிந்துவிடவில்லை. பட்டியலில் ஏறாதது போனிலும் கிடைக்காது. பள்ளி அலமாரியில் தூங்கும் சிறுவர் நூல்களில் மிகப் பல இணையத்தில் இல்லை.

இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் இதை விளக்குவது எளிது. கல்யாணப் புடவையின் முந்தியில் மயிலும் அன்னமும் எப்படி விழுகின்றன என்று நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைக்குத் தெரியும். தறிக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டியில் துளையிட்ட அட்டைகள் சுற்றுகின்றன. துளை இருந்தால் அதற்குரிய இழை மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காக ஜோசப் மரி ஜக்கார்டு அந்தப் பொறியை 1804-இல் செய்துகாட்டினார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ணித் தீர்க்க ஹெர்மன் ஹாலரித் துளையிட்ட அட்டைகளையே பயன்படுத்தினார். அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் வேறு சிலவற்றோடு இணைந்து ஐபிஎம் ஆயிற்று. எதை எழுப்ப வேண்டும், எதை விட வேண்டும் என்று அட்டையில் எழுதிவைக்கும் அந்தப் பழக்கத்திலிருந்து கணினிக்கு நேரடியாக ஒரு பாதை இருக்கிறது. அட்டை பழங்காலம், போன் புதுக்காலம் என்று பிரிப்பவர்கள் இந்த ஊரின் தறியை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும்.

நூலகப் பட்டியல் தேவை என்று ஒப்புக்கொள்கிறவர்களிலும் ஒரு சாரார் உண்டு. டூவி தசம வகைப்பாட்டை அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1876-இல் மெல்வில் டூவி வகுத்த முறையில் தமிழ் இலக்கியத்துக்குக் கிடைத்த எண் 894.811. ஒரு தமிழ்ப் பள்ளியின் அலமாரியில் பாதிக்கு மேல் தமிழ்க் கதையும் பாட்டும்தான். அத்தனை புத்தகத்தின் முதுகிலும் இந்த ஆறு இலக்கம் ஏறினால் யாருக்கு என்ன பயன்? வீட்டுக்கு வீடு ஒரே கதவு எண்ணை எழுதிய தெருவில் தபால்காரர் அலைவதுபோல் அலைய வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பட்டு. ஒரு எட்டாம் வகுப்பு மாணவி பட்டு பற்றிச் செயல்திட்டம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டூவியின்படி பட்டுப்பூச்சி, அந்துப்பூச்சி இனத்தோடு 595.78-இல் இருக்கும். பட்டுப்புழு வளர்ப்பு வேளாண்மைக்குப் பக்கத்தில் 638.2. பட்டுத்துணி உற்பத்தி 677.39. நெசவுக்கலை 746. உடை பற்றிய நூல் 391. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 334. எதிர்ப்பக்கமிருந்து நாடா தள்ளி, கரையை உடலோடு இணைக்கும் கோர்வைக்கு உதவிய சிறுவர்களைப் பற்றிய நூல் இருந்தால், அது குழந்தைத் தொழிலாளர் என்ற தலைப்பில் 331-இல் உட்கார்ந்திருக்கும். அவள் வீட்டில் ஒரே கூடத்தில் நடக்கும் வாழ்க்கை ஏழு தட்டுகளில் சிதறிக் கிடக்கிறது. எந்த வகைப்பாட்டிலும் இப்படிச் சிதறத்தான் செய்யும். ஒரு புத்தகத்தை ஒரே இடத்தில்தான் வைக்க முடியும். சிதறியதைக் கூட்டித் தருவதற்கே பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. ரங்கநாதனை உறங்கவிடாத கேள்விகளில் இது ஒன்று. 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் வகைப்பாடு ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து மறுபடி கோக்கும் முயற்சி. சிதறிய தலைப்புகளுக்கு அகரவரிசைச் சுட்டி அமைக்கவும் அவர் ஒரு முறை வகுத்தார்.

ஆகவே காஞ்சிப் பள்ளியின் பட்டியலில் முதல் அட்டை 'பட்டு' என்று இருக்கட்டும். அதன் கீழே பூச்சிகள் தட்டில் இந்த நூல், கைத்தொழில் தட்டில் இந்த நூல், தேன்சிட்டின் இந்த இதழில் இந்தப் பக்கம் என்று எழுதலாம். அடுத்த அட்டை 'கோயில்'. அதிலிருந்து கட்டடக்கலைக்கும், சைவ வைணவத்துக்கும், திருப்பருத்திக்குன்றத்தின் சமணத்துக்கும், பல்லவர் வரலாற்றுக்கும் வழி போகும். 'ஏரி, குளம்' ஒரு அட்டை. 'பாலாறு' ஒரு அட்டை. அடையாளத்துக்குப் புத்தகத்தின் முதுகில் நிறத்துக்கு ஒரு காகிதப்பட்டை போதும்: கதைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, ஊரும் வரலாறும் என்று ஒன்று. டூவி எண்ணை மேல்வகுப்பில் கற்பிக்கலாம். மாவட்ட நூலகத்துக்குப் போகும்போது அது கைகொடுக்கும்.

அட்டை வாங்கக் காசில்லை என்பதும் காரணமாகாது. 1791-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு, பறிமுதல் செய்த நூலகங்களுக்குப் பட்டியல் போடச் சீட்டுக்கட்டின் வெற்றுப் பின்புறத்தைப் பயன்படுத்தியது. நம் வீடுகளில் ஒவ்வொரு முகூர்த்த மாதத்திலும் கெட்டி அட்டையில் கல்யாணப் பத்திரிகைகள் குவிகின்றன.

வெற்று அட்டை கிடைத்தாலும் எழுதும்போது தடுக்கி விழும் இடங்கள் உண்டு. தமிழில் அவை இன்னும் அதிகம். இந்த ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1909-இல் இங்கே பிறந்து இங்கேயே பச்சையப்பன் பள்ளியில் படித்த அண்ணாவின் நூல்களைத் தேடுங்கள். ஒரு நூலின் முகப்பில் 'அண்ணா', இன்னொன்றில் 'சி. என். அண்ணாதுரை', மற்றொன்றில் 'அறிஞர் அண்ணா', வேறொன்றில் 'பேரறிஞர் அண்ணா'. அச்சிட்டபடியே பதிவேட்டில் ஏற்றினால் ஒரே ஆசிரியர் அ-விலும் சி-யிலும் பே-யிலும் பிரிந்து நிற்பார். புதுமைப்பித்தனைத் தேடுகிறவர் அவரது இயற்பெயரான சொ. விருத்தாசலத்திடம் போய்ச் சேர வேண்டும். தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயர். அதை வைத்து வரிசைப்படுத்தினால் அப்பாக்களின் பட்டியல்தான் கிடைக்கும். ஆகவே தலைப்பெழுத்தையும் அடைமொழியையும் தள்ளிவைத்து, பெயரின் முதலெழுத்தில் ஒரே வடிவத்தை நிலையாக்கி, மற்ற வடிவங்களிலிருந்து "இங்கே பார்" என்று வழிகாட்ட வேண்டும். இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. 'அகர வரிசைப்படுத்துக' என்று தமிழ்த் தேர்வில் மதிப்பெண் தந்து கேட்கிறோம். அந்தத் திறமையைப் பயன்படுத்த வேண்டிய ஒரே இடத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு இன்னொரு தொல்லை. அவை மெல்லியவை, பின் அடித்தவை, முதுகே கிடையாது. அலமாரியில் நிறுத்தினால் சரியும், அடுக்கினால் மேலே உள்ளது மட்டும் தெரியும். அவற்றுக்கு அலமாரியே ஒவ்வாது. சுவரில் கயிறு கட்டி, முகப்பு தெரியும்படி தொங்கவிடும் பள்ளிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்த ஆசிரியர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டத் தொடங்கிய குழந்தைக்கு அட்டைப்படம்தான் பட்டியல்.

இதழ்கள், துண்டுகள், தாள்கள் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கோயில் குளத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும் அத்தி வரதர் 1979-க்குப் பிறகு 2019 ஜூலை, ஆகஸ்டில் வெளியே எழுந்தருளியபோது இந்த ஊர் மூச்சுத் திணறியது. நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின: அனந்தசரஸ் குளம், தண்ணீர், கூட்ட நெரிசல், துப்புரவுப் பணியாளர்களின் உழைப்பு. அன்று ஒரு பள்ளி அவற்றை வெட்டி, தேதியெழுதி, ஓர் உறையில் போட்டுவைத்திருந்தால் இன்று ஒன்பதாம் வகுப்புக்கு அது எந்தப் பாடநூலையும் விஞ்சும் பாடம். தறிக்கட்டமிட்ட தாளில் அப்பா வரைந்த புட்டா, கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ஆண்டறிக்கை, கோயில் திருவிழா அழைப்பிதழ் எல்லாமே நூலகப் பொருள்கள். கைலாசநாதர் கோயிலின் கல்வெட்டுகள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கின்றன. 1890-இல் கல்வெட்டாய்வாளர் ஹுல்ட்ஷ் அவற்றைப் படித்து எண்ணிட்டுத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சேற்றியதால்தான் எங்கோ இருக்கும் ஓர் ஆய்வாளர் அவற்றைத் தேடி எடுக்க முடிகிறது.

யார் செய்வது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும். அதை அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆசிரியர்களின் தியாகத்தைக் காட்டி அந்தக் கோரிக்கையைத் தள்ளிப்போட விடக் கூடாது. அதுவரை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே நூலகப் பாடவேளையில் இதைச் செய்யலாம். பட்டியல் எழுதும் பிள்ளை, தான் எழுதும் ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்துப் பொருளடக்கத்தைப் புரட்டியாக வேண்டும். அதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் கட்டித் தொங்கட்டும். தேடிக் கிடைக்காதவற்றைப் பிள்ளைகள் அதில் எழுதட்டும்: பட்டுப்புழுவைக் கொல்லாமல் நூல் எடுப்பது பற்றி, கபடி விதிகள், அண்ணாவின் நாடகங்கள், பேய்க் கதை. புத்தகங்கள் இப்போது பெரும்பாலும் மேலே தேர்வாகிப் பெட்டியில் வருகின்றன. அடுத்த ஆண்டு மானியத்துக்கான நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு பள்ளியின் நோட்டையும் மாவட்டக் கல்வி அலுவலகம் வரவழைத்துப் படிக்கட்டும். பிள்ளைகள் படிப்பதில்லை என்று அதன் பிறகும் சொல்ல விரும்புகிறவர்கள், அந்த நோட்டின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.